புராஸ்டேட் அறுவைக்குப் பின் கதிர்வீச்சு: உடனே தொடங்குவதா, காத்திருப்பதா?

கேள்வி: அறுவைக்குப் பின் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் இரத்த அளவு) அளவிட முடியாதபடி குறைந்துவிட்டபோதிலும், வெட்டு விளிம்பில் புற்றணுக்கள் இருந்ததாகத் திசு ஆய்வறிக்கை கூறுவதால், கதிர்வீச்சை இப்போதே தொடங்குவதா என்று குழம்புகிறேன். சிறுநீர்க் கசிவோ இன்னும் நிற்கவில்லை.

பதில் 1: ஐயா, பிஎஸ்ஏ உயரத் தொடங்கியபின் கதிர்வீச்சு பெற்றவர்கள், நோய்க் கட்டுப்பாட்டில் உடனே பெற்றவர்களைவிடப் பின்தங்கவில்லை என்றும், முந்திக்கொண்டவர்களுக்கே சிறுநீர்த் தொல்லைகள் மிகுதி என்றும் 2020இல் வெளியான ராடிகல்ஸ் ஆய்வு காட்டியது. கசிவு இருக்கையில் அவசரம் எதற்கு?

பதில் 2: காத்திருப்பது சும்மா இருப்பதன்று. ஒரே ஆய்வகத்தில் சோதித்து வாருங்கள், பிஎஸ்ஏ 0.2ஐ (நானோகிராம்/மி.லி.) தொட்டு, மறுசோதனையிலும் உறுதியானால், 0.5ஐத் தாண்டவிடாமல் கதிர்வீச்சைத் தொடங்கிவிடுங்கள்.

பதில் 3: நிணநீர் முடிச்சுகளில் பரவலோ, கிளீசன் (புற்றின் தீவிரத்தைக் காட்டும் மதிப்பெண்) 8 அல்லது அதற்கு மேலோ இருந்தால் கணக்கே வேறு. அறுவை மருத்துவரோடு நில்லாமல், கதிர்வீச்சு மருத்துவரிடமும் அறிக்கையைக் காட்டுங்கள்.

கேட்டவர்: கிளீசன் 7, முடிச்சுகளில் பரவல் இல்லை. அவரையும் பார்த்துவிடுகிறேன்.