பேட்டரியை மட்டும் மாற்றினால் போதுமா?

எல்லோருக்கும் வணக்கம். என் போனில் பேட்டரி ஹெல்த் 78% காட்டுகிறது. அதுகூடப் பரவாயில்லை, சார்ஜ் 25% இருக்கும்போதே கேமராவைத் திறந்தால் போன் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. லித்தியம் அயான் பேட்டரி பழசானால் உள்மின்தடை கூடும், திடீரென்று அதிக மின்சாரம் இழுத்தால் வோல்டேஜ் சரியும் என்பது தெரியும். ஆனால் கோளாறு பேட்டரியிலா, போர்டிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பேட்டரி உப்பவில்லை, திரையும் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை, அதையெல்லாம் பார்த்துவிட்டேன்.

பேட்டரிதான் என்றால் அடுத்த குழப்பம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரிஜினல் போடுவதா, வெளியில் போடுவதா? வெளியில் மாற்றியவர்களுக்கு ஹெல்த் சதவீதம் சரியாகக் காட்டுகிறதா? பிரித்து ஒட்டிய பிறகு தண்ணீர் புகாத தன்மை மிஞ்சுகிறதா?

அப்புறம், புது பேட்டரி போட்டதும் 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதியைப் போட்டு வைக்கலாம் என்றிருக்கிறேன். முழு சார்ஜில், அதுவும் சூட்டில் கிடப்பதுதான் பேட்டரியைச் சீக்கிரம் தின்கிறது. ஆனால் எனக்கு வெளியில் அலைச்சல் அதிகம். அப்படி வைத்திருப்பவர்கள் ஒரு நாளை முழுசாக ஓட்ட முடிகிறதா, சொல்லுங்கள்.

"புது போன் வாங்கிடுங்க" என்ற பதில் மட்டும் வேண்டாம், மற்றபடி போன் நன்றாகவே ஓடுகிறது!