பின் ஸ்டாண்டு போட்டால் வண்டி வலது பக்கம் சாய்கிறது, அவசர உதவி

வேகத்தடை: நாளைக் காலை நீண்ட பயணம், இன்றே பைக்கின் செயினைச் சுத்தம் செய்து லூப் (மசகு எண்ணெய்) அடிக்க வேண்டும். அதற்காகவே, பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் பின் ஸ்டாண்டு ஒன்றைப் புதிதாக வாங்கினேன். பாதி தூக்கும்போதே வண்டி வலது பக்கம் சாய்கிறது. மூன்று முறை முயன்றேன், மூன்றாவது முறை சுவரில் இடித்து முன் பிரேக் லீவரின் நுனி உடைந்துவிட்டது. ஸ்டாண்டு மட்டமான சரக்கா, நான் செய்வதுதான் தப்பா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கிரீஸ்கை: என்ன வண்டி? சுவிங்ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் சட்டம்) ஸ்பூல் என்ற உருளைக் குமிழை மாட்டி அதில் கொக்கி கோர்க்கும் ஸ்டாண்டா, ரப்பர் வைத்த தட்டை சுவிங்ஆர்முக்கு அடியில் கொடுக்கும் வகையா? தரை எப்படி? தனியாகத் தூக்கினீர்களா? இது எதுவுமே தெரியாமல் என்ன சொல்வது?

சாய்வுமானி: தரைதான் காரணம், வேறு எதுவும் இல்லை. கண்ணுக்கு மட்டமாகத் தெரியும், ஆனால் தண்ணீர் வடிவதற்காக வாட்டம் கொடுத்திருப்பார்கள். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் வண்டியும் போகும். எனக்கும் இதேதான் நடந்தது.

பழைய ஸ்பேனர்: இந்தக் கேள்வியை எத்தனை பேருக்கு எழுதினேன் என்று எனக்கே மறந்துவிட்டது. ஸ்டாண்டு வாங்கத் தெரிகிறது, அதைப் போடத் தெரியவில்லை. கடைசி முறையாக எழுதுகிறேன். வண்டியின் இடது பக்கம் நில்லுங்கள். இடது கையால் பின் கைப்பிடியைப் பிடித்து வண்டியை நிமிர்த்துங்கள், வலது கையால் ஸ்டாண்டை உள்ளே தள்ளுங்கள். இரண்டு கொக்கியும் இரண்டு ஸ்பூலுக்கும் அடியில் உட்கார்ந்ததா என்று குனிந்து, எட்டி, கண்ணால் பாருங்கள். ஸ்டாண்டின் பிடியை லேசாக அழுத்தினால் கொக்கி எடையை வாங்கிக்கொள்ளும், வண்டி தானாக நிமிர்ந்து நிற்கும். அந்த நிலையில் ஆடினால் இறக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். ஆடவில்லை என்றால் பிடியை ஒரே அழுத்தில் தரைவரை அழுத்துங்கள். பாதியில் நிறுத்தி யோசிக்கிறவர்களுக்குத்தான் வண்டி விழும்.

வேகத்தடை: ஸ்பூல் வகை. சிமெண்ட் தரை, மட்டம்தான். தனியாகத்தான். சைடு ஸ்டாண்டை மடித்துவிட்டுத்தானே தூக்க வேண்டும்?

கிரீஸ்கை: ஐயோ, மடிக்கவே கூடாது! ஏற்றும்போதும் இறக்கும்போதும் சைடு ஸ்டாண்டு விரிந்தே இருக்கட்டும். கை நழுவினாலும் இடது பக்கம் அது தாங்கும். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு மெல்லிய பலகைத் துண்டு வைத்தால் வண்டி இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும், தனியாளுக்கு வேலை பாதியாகக் குறையும். அதிகம் நிமிர்ந்து வலது பக்கம் போகாதபடி பார்த்து வையுங்கள்.

நடுக்கியர்: சைடு ஸ்டாண்டுக்கும் வலது பக்கம் சாய்வதற்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தோன்றுவது முன் பிரேக். தூக்கும்போது முன் சக்கரம் உருள்கிறது, ஹேண்டில் திரும்புகிறது, வண்டி போய்விடுகிறது. பிரேக் லீவரை ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டுத் தூக்குங்கள், அசையாது. நான் கூடுதலாக முதல் கியரிலும் போட்டுவிடுவேன்.

சாய்வுமானி: உடைந்த லீவரில் எங்கே கட்டுவது?

பழைய ஸ்பேனர்: பின் சக்கரம் தரையை விட்ட பிறகு கியர் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கொஞ்சம் விளக்க முடியுமா? காற்றையா? அப்புறம் முன் பிரேக்கைக் கட்டிவிட்டுத் தூக்கினால் வண்டி அசைய வழியில்லை. கொக்கி ஸ்பூலை இழுக்கும்.

நடுக்கியர்: ஸ்டாண்டுக்குச் சக்கரம் எதற்கு வைத்திருக்கிறார்கள்? வண்டி அசையாவிட்டால் ஸ்டாண்டு உள்ளே உருண்டு வரும். பல வருடமாகக் கட்டித்தான் தூக்குகிறேன், ஒன்றும் இழுக்கவில்லை. இறக்கும்போது கட்டவில்லை என்றால்தான் வண்டி முன்னால் ஓடும், அது தெரியுமா?

பழைய ஸ்பேனர்: இறக்கும்போது கட்டுவதை நான் மறுக்கவே இல்லை. படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

எண்ணெய்த்துளி: சண்டையை விடுங்கள். ஸ்டாண்டில் ஏறியதும் முதல் கியர் போட்டு இன்ஜினை ஓடவிட்டு, செயின் மேல் துணியைப் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் பளபளப்பாகிவிடும்.

கிரீஸ்கை: தம்பி, தயவுசெய்து அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள், யாராவது செய்து பார்த்துவிடுவார்கள். துணி செயினில் சிக்கினால் ஸ்பிராக்கெட்டுக்குள் (செயின் ஓடும் பல்சக்கரம்) விரலும் சேர்ந்து போகும், கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கையால் சுற்றும்போதும் விரல் ஸ்பிராக்கெட் பக்கம் போகக் கூடாது.

எண்ணெய்த்துளி: எனக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

பழைய ஸ்பேனர்: பத்து விரலால் தட்டச்சு செய்கிற வரை அப்படித்தான் சொல்வீர்கள்.

மௌனி: எல்லோரும் இடது பக்கமே பேசுகிறீர்கள். வேகத்தடை, புது ஸ்டாண்டு என்றீர்களே, அகலத்தைச் சரிசெய்தீர்களா? கொக்கித் தண்டை உள்ளே வெளியே இழுத்து போல்ட்டை முடுக்க வேண்டும். ஒரு பக்கம் அகலம் பொருந்தவில்லை என்றால் அந்தக் கொக்கி ஸ்பூலின் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். இடது பக்கம் நிற்கிறவருக்கு வலது கொக்கி தெரியாது. தூக்கினால் எடை முழுவதும் இடது ஸ்பூலில் ஏறும், வண்டி வலது பக்கம் தள்ளப்படும். ஸ்பூல் போல்ட் இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்பூல் போல்ட்டின் மரை அளவு வண்டிக்கு வண்டி மாறும், எம்6, எம்8, எம்10 என்று. பொருந்தாததை வலுக்கட்டாயமாகத் திருகியிருந்தால் சுவிங்ஆர்மின் மரையே போய்விடும்.

இரவுக்குள் சரியாகவில்லை என்றால் ஸ்டாண்டை மறந்துவிடுங்கள். சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, எட்டும் வரை செயினுக்கு லூப் அடித்து, வண்டியை ஒரு முழம் தள்ளி, மீண்டும் அடியுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் யார் மேலும் விழாது.

சாய்வுமானி: தரையையும் ஒரு முறை பார்த்துவிடலாம், தப்பில்லை.

வேகத்தடை: வலது கொக்கி ஒரு துளை உள்ளே இருந்தது. மாற்றியதும் நின்றுவிட்டது, லூப் அடித்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

கிரீஸ்கை: நல்லது. பிரேக் லீவர்? நுனி மட்டும்தான் போனதா, நடுவில் விரிசல் ஏதாவது இருக்கிறதா? உடைந்த லீவரோடு நீண்ட பயணம் வேண்டாம், மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

கிரீஸ்கை: வேகத்தடை, பார்த்தீர்களா?

நடுக்கியர்: கிளம்பிவிட்டார் போல. அது இருக்கட்டும், ஸ்பேனர் ஐயா, ஸ்டாண்டின் சக்கரம் எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை.