வெயிலில் சினையாக இருந்த ஆடுகளின் குட்டிகள் மந்தமாக இருக்கின்றன, வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. ஓமலூர் பக்கம் 30 மேச்சேரி இனச் செம்மறி ஆடுகள் வைத்திருக்கிறேன். தையில் சினைப்பட்டவை ஆனியில் குட்டி போட்டன. நல்ல குட்டி அரை மணி நேரத்தில் எழுந்து மடியைத் தேடும். இந்த முறை ஒரு கிடாய்க்குட்டி தாயின் முன்னங்காலையே முட்டிக்கொண்டு நின்றது. காம்பை வாயில் வைத்துத்தான் சீம்பால் கொடுத்தேன். இப்போது 2 மாதம் ஆகிறது. படலைத் திறந்தால் மற்றவை ஓடிவருகின்றன, அது மட்டும் மூலையில் நின்று கத்துகிறது. மனசு கேட்கவில்லை.

பங்குனி, சித்திரையில் தாயாடுகள் தகரக் கொட்டகையில் வாய் பிளந்து இரைத்தன. நச்சுக்கொடி நன்றாக வளர வேண்டிய நேரம் அது. வெப்பம் தணிக்க ரத்தம் தோல் பக்கம் போனால் கருப்பைக்குக் குறையும், குட்டி எடையும் குறையும், சரி. கற்றுக்கொள்ளும் திறனும் அடிபடுமா? ஒரே தாய் குளிரில் போட்ட குட்டியையும் வெயில் சினைக் குட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் உண்டா? பொட்டனேரி மேச்சேரி ஆடு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.

அப்புறம், தகரத்தின் மேல் தென்னங்கீற்று போட்டால் போதுமா, இல்லை இணை சேர்க்கும் மாதத்தையே மாற்ற வேண்டுமா? அடுத்த ஈத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்.