புதுப்பிப்பு: மஸ்டாங்கின் பின் ஆக்ஸில்

என் ஃபோர்டு மஸ்டாங்கில் கிளட்ச்சை விட்டதும் 'டக்' என்று சத்தம், அப்புறம் எஞ்சின் மட்டும் அலறுகிறது, கார் நகரவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். கியர்பாக்ஸ் என்றுதான் பலர் சொன்னீர்கள். இல்லை. கியரில் போட்டால் டிரைவ்ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கம் போகும் தண்டு) ஜம்மென்று சுற்றியது. அப்புறம் என்ன, டிஃப் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல்) கவரைக் கழற்றினேன். வலது ஆக்ஸில் தண்டு, ஸ்ப்ளைன் (டிஃபுக்குள் கோர்க்கும் நுனிப் பற்கள்) முடியும் இடத்தில் இரண்டு துண்டு. பற்கள் முறுக்கு மாதிரி திருகியிருந்தன. முறிந்த முகத்தின் விளிம்பில் கருத்த பழைய விரிசல், நடுவில் பளபளவென்று புது முறிவு. ஆக, ஒரே ஓட்டத்தில் போனதல்ல.

ஃபோர்டின் 8.8 அங்குல (டிஃபின் பெரிய பல்சக்கர விட்டம்) ஆக்ஸிலில் சக்கரத்தை உள்ளே பிடித்திருப்பது, தண்டின் உள்நுனியில் மாட்டிய வெறும் சி-கிளிப் என்ற C வடிவ வளையம்தான். தண்டு முறிந்தால் சக்கரமே வெளியே வரலாம். அதனால் 28 பல் ஸ்ப்ளைனை விட்டுவிட்டு, இன்னும் தடித்த 31 பல் ஸ்ப்ளைன் தண்டுகள், அதற்கேற்ற டிஃப், கூடவே சி-கிளிப் எலிமினேட்டர் (சி-கிளிப்புக்குப் பதிலாகத் தண்டை வெளிமுனையில் பிடிக்கும் அமைப்பு). கால் மைலை 10.99 விநாடிக்குள் ஓடினால், என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் பந்தய அமைப்பு) விதியே இப்படித் தண்டை வெளிமுனையில் பிடிக்கும் அமைப்பைக் கேட்கிறது. ஆக்ஸில் குழாய்க்குள் சிதறிய இரும்புத் துகளைக் கழுவி எடுப்பதுதான் உயிரை வாங்கியது.