டொரன்டோ வகுப்போடு சேர்ந்து ஒரே புத்தகத்தை வாசிப்பது எப்படி?

படுவான்கரை ரீச்சர்:
கொக்கட்டிச்சோலைப் பக்கம் தரம் 8க்குத் தமிழ் எடுக்கிறேன். டொரன்டோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் என் மச்சாள், இரண்டு வகுப்பும் ஒரே சிறுகதைத் தொகுப்பை வாசித்து சூமில் கதைக்கலாம் என்கிறா. ஒருமுறை செய்து பார்த்தோம். 26 பிள்ளைகளுக்கு ஒரே ஒரு போன். முன்வரிசைக்குத்தான் முகம் தெரிந்தது. பின்வரிசை கச்சான் உடைத்துக்கொண்டிருந்தது. யாராவது ஒழுங்காகச் செய்திருக்கிறீர்களா?

அக்கரைப்பற்று சேர்:
முதலில் நேரத்தைப் பாருங்க ரீச்சர். கோடையில் அவர்கள் நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. கோடையில் அங்கே காலை 9 மணி என்றால் நமக்குப் பின்னேரம் 6.30. இலவச சூம் 40 நிமிடத்தில் நின்றுவிடும். ஒரு பாடவேளை அளவுதானே, போதும்.

நாங்கள் குரல் பதிவுக்கு மாறிவிட்டோம். எங்கள் பிள்ளை ஒன்று, "மறுகா என்ன நடந்தது?" என்று கேட்டு அனுப்ப, "மறுகா யார்? கதையில் அப்படி ஒரு ஆள் இல்லையே" என்று மறுமொழி வந்தது! மறுகா என்றால் நம்ம பக்கத்தில் 'பிறகு' என்று விளங்கப்படுத்துவதிலேயே ஒரு கிழமை ஓடியது.

மட்டுநகர் வாசகி:
புத்தகம் இரண்டு பக்கமும் கிடைக்க வேண்டுமே. 'நூலகம்' (noolaham.org) என்ற இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள் இலவசமாக இருக்கின்றன, தேடிப் பாருங்கள்.

படுவான்கரை ரீச்சர்:
சரி, குரல் பதிவிலேயே தொடங்குகிறேன். மறுகா வந்து சொல்கிறேன்.