ஸ்டர்ஜிஸ் மோட்டார் சைக்கிள் வாரத்துக்குக் குடும்பத்தோடு போவது சரிவருமா?

வடதிசைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மினியாப்பொலிஸ் அருகே வசிக்கிறோம். வரும் ஆகஸ்டில் தெற்கு டகோட்டா மாநிலத்து ஸ்டர்ஜிஸ் ஊரில் நடக்கும் மோட்டார் சைக்கிள் வாரத்துக்குப் போவதென்று என் கணவரும் என் தம்பியும் அவர்களுடைய நண்பர்கள் இருவரும் தீர்மானித்துவிட்டார்கள். நால்வரிடமும் சொந்த பைக்கும் முறையான உரிமமும் இருக்கின்றன. அவர்கள் பைக்கில் போக, நானும் நண்பர் ஒருவரின் மனைவியும், பதினான்கு வயது மகனும், எட்டு வயது மகளும், கோடையைக் கழிக்கத் திருநெல்வேலியிலிருந்து வரவிருக்கும் என் மாமியாரும் வேனில் போவதாகத் திட்டம்.

அந்த வாரத்தின் குடியையும் கூத்தையும் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தயக்கமாக இருக்கிறது. குழந்தைகளையும் வயதானவரையும் அழைத்துப் போகத் தகுந்த இடம்தானா? எங்கே தங்குவது நல்லது? பைக் ஓட்டாத நாங்கள் பகல் முழுவதும் என்ன செய்வோம்? இவற்றோடு, அப்பாவின் பின்னால் உட்கார்ந்து ஒரு நாளாவது மலைச்சாலையில் போக வேண்டும் என்று மகன் பிடிவாதமாக இருக்கிறான். அதற்கு அனுமதிக்கலாமா என்றும் சொல்லுங்கள். போய்வந்தவர்களின் கருத்தை அறிந்த பிறகே முன்பணம் கட்டலாம் என்றிருக்கிறோம்.

நெடுஞ்சாலைக்காரன் எழுதியது:

தாராளமாகப் போகலாம் அம்மா, ஸ்டர்ஜிஸ் ஊருக்குள் தங்காமல் இருந்தால். நான் டென்வரிலிருந்து பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். குடும்பத்தோடும் போயிருக்கிறேன், நண்பர்களோடு மட்டும் கூடாரம் அடித்துத் தங்கியும் இருக்கிறேன். இரண்டும் முற்றிலும் வேறான பயணங்கள். நீங்கள் கேள்விப்பட்ட கூத்தெல்லாம் பெரும்பாலும் ஊரின் மெயின் ஸ்ட்ரீட்டிலும், ஊரைச் சுற்றியுள்ள பெரிய முகாம் திடல்களிலும், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு நடப்பவை. அந்த வாரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பகலில் ஊரிலேயே இருப்பதில்லை. பிளாக் ஹில்ஸ் மலைச்சாலைகளில்தான் இருப்பார்கள்.

இது தொடங்கிய விதத்தைச் சொன்னால் உங்கள் மாமியாருக்கும் சற்றுத் தெம்பு வரும். 1938-இல், ஸ்டர்ஜிஸில் 'இந்தியன்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் விற்பனை நிலையம் நடத்திவந்த கிளாரன்ஸ் ஹோயல் என்பவரும் அவருடைய ஜாக்பைன் ஜிப்சீஸ் சங்கத்தாரும் சேர்ந்து ஒரு பந்தயம் நடத்தினார்கள். அதில் ஓடியவர்கள் ஒன்பது பேர். பார்க்க வந்த கூட்டமும் சிறியதுதான். அதிலிருந்து வளர்ந்து, சுமார் ஏழாயிரம் பேர் வசிக்கும் அந்த ஊருக்கு இன்று சில லட்சம் பேர் வருகிறார்கள்; 75-ஆம் நிகழ்வான 2015-இல் வந்தவர்கள் ஏழு லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். ஆகஸ்டின் முதல் வெள்ளிக்கிழமை தொடங்கி அடுத்த வார ஞாயிறு வரை பத்து நாள் நடக்கும் என்பதால், பெயர்தான் வாரம். முதல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நெரிசல் தாங்காது. உங்களைப் போன்றவர்கள் புதன்கிழமை வாக்கில் போய்ச் சேர்ந்து, கடைசி வார இறுதியோடு திரும்புவது உத்தமம்.

தங்குவதற்கு மூன்று இடங்களைப் பரிசீலிக்கலாம். ராபிட் சிட்டி ஸ்டர்ஜிஸிலிருந்து முப்பது மைலுக்குள் இருக்கிறது. பெரிய மருத்துவமனை, மளிகைக் கடைகள், குழந்தைகளுக்கான பூங்காக்கள் எல்லாம் அங்கே உண்டு. ஸ்பியர்ஃபிஷ் இருபது மைல் தொலைவில், சற்றுக் குளிர்ச்சியாக, ஓடைக்கரையில் உள்ள அமைதியான ஊர். ஹில் சிட்டியும் கஸ்டரும் தெற்கே உள்ளவை. நல்ல சாலைகள் அனைத்தும் வாசலிலேயே தொடங்கும், ஆனால் அங்கிருந்து ஸ்டர்ஜிஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஹில் சிட்டியின் கடைத்தெருவிலும் அந்த வாரம் பைக்குகள் வரிசை கட்டி நிற்கும் என்பதால் உறக்கம் கெடலாம். நான் உங்களுக்குச் சொல்வது ராபிட் சிட்டியைத்தான். மோட்டல் வாடகை அந்தப் பத்து நாளில் பல மடங்கு ஏறும்; ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்பது பேர் என்பதால் சமையலறையோடு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால் செலவும் குறையும், சாப்பாட்டுக் கவலையும் தீரும்.

ஸ்டர்ஜிஸுக்கு ஒரு காலைப் பொழுதை மட்டும் ஒதுக்குங்கள். மெயின் ஸ்ட்ரீட்டில் அந்த வாரம் மோட்டார் சைக்கிள்களைத் தவிர வேறு வண்டி நுழைய முடியாது. வேனை வெளியே கட்டண நிறுத்தத்தில் விட்டு நடந்துதான் போக வேண்டும். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றுக்குள் போனால், இரு ஓரங்களிலும் நடுவிலுமாக நிறுத்தியிருக்கும் பைக்குகளை நிதானமாகப் பார்க்கலாம். தாமிரத்தில் இழைத்தவை, மூன்று சக்கரம் பூட்டியவை, எழுபது எண்பது வயதான பழைய இந்தியன்கள் என்று ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. பைக்கைப் பற்றிக் கேட்டால் உரிமையாளர்கள் சலிக்காமல் விளக்கம் சொல்வார்கள். ஊரிலுள்ள மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். வெயில் ஏற ஏற மதுக்கடைகளின் சத்தமும், ஆடை குறைந்தவர்களின் நடமாட்டமும் கூடும். பிள்ளைகளோடு மதியத்துக்கு முன் கிளம்பிவிட வேண்டும் என்பது என் தனிப்பட்ட வரையறை.

சாலைகளைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். அயர்ன் மவுண்டன் சாலை 17 மைல் நீளம். அதில் 314 வளைவுகளும், கொண்டையூசி வளைவுகள் பதினான்கும், மரத்தால் கட்டிய சுருள் பாலங்கள் மூன்றும், குகைப்பாதைகள் மூன்றும் இருக்கின்றன. மாநில ஆளுநராகவும் பிறகு செனட்டராகவும் இருந்த பீட்டர் நார்பெக், மலையில் நடந்தும் குதிரையில் திரிந்தும் இச்சாலைகளின் தடத்தைத் தேர்ந்தெடுத்தவர்; வேகமாகப் போகவே முடியாதபடி அமைய வேண்டும் என்பது அவருடைய நோக்கம். கஸ்டர் மாநிலப் பூங்காவின் பக்கமிருந்து கீஸ்டோன் ஊரை நோக்கி ஓட்டினால், குகைப்பாதை வாயின் வழியே ரஷ்மோர் மலையில் செதுக்கிய நான்கு குடியரசுத் தலைவர்களின் முகங்கள் சட்டமிட்ட படமாக எதிரே தெரியும். எதிர்த்திசையில் போனால் இக்காட்சி முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஆகவே திசையை மாற்றிவிடாதீர்கள்.

நீடில்ஸ் நெடுஞ்சாலை 14 மைல். ஊசி ஊசியாய் எழுந்த கருங்கல் பாறைகளுக்கிடையே போகிறது. அதிலுள்ள ஒரு குகைப்பாதையின் அகலம் ஏறத்தாழ எட்டடிதான். உங்கள் வேன் பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு நுழைந்துவிடும்; ஆயினும் எதிரே வரிசையாய் வரும் பைக்குகளுக்காக நெடுநேரம் காத்திருக்க நேரும். அந்த வாரத்தில் வேனில் போகிறவர்கள் இந்தச் சாலையைக் காலை ஏழு மணிக்கே முடித்துவிடுவது அறிவுடைமை. வடக்கே ஸ்பியர்ஃபிஷ் பள்ளத்தாக்குச் சாலை அகலமானது, வளைவுகள் மென்மையானவை, அருவிகள் சாலையோரத்திலேயே விழுகின்றன; குடும்பம் முழுவதும் சேர்ந்து போக அதுவே ஏற்றது.

மலைச்சாரல் எழுதியது:

நெடுஞ்சாலைக்காரன் அண்ணன் சாலைகளைப் பற்றி எழுதியதில் எனக்கு மறுப்பேதும் இல்லை. ஆனால் பைக் ஓட்டாதவர்களின் பகல் பொழுதைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. பைக் ஓட்டுகிறவர்கள் எப்போதும் இப்படித்தான். வேனில் போகிற கூட்டத்தைச் சேர்ந்தவள் என்பதால் அதை நான் சொல்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, வேன் பைக்குகளைப் பின்தொடரும் என்ற திட்டத்தைக் கைவிடுவது. மலையில் நான்கு பைக்குகளுக்குப் பின்னால் வேனை ஓட்டிக்கொண்டு போனால் நடுவில் வேறு பைக்குகள் புகுந்துவிடும். கைப்பேசி அலைவரிசையும் பல பள்ளத்தாக்குகளில் கிடைக்காது. காலையில் பிரிந்து, மதியச் சாப்பாட்டுக்கோ மாலைக்கோ ஓரிடத்தில் கூடுவதென்று இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சில்வன் ஏரி அதற்கு நல்ல இடம். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கலாம், பெரியவர்கள் மரநிழலில் உட்காரலாம்.

உங்கள் மகளுக்கு நான் முதலில் சொல்வது ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரிலுள்ள மாமத் அகழ்விடம். 1974-இல் வீடு கட்ட நிலத்தைச் சமன்படுத்தியபோது எலும்புகள் வெளிப்பட்டன. பழங்காலத்தில் ஒரு சுனைப் பள்ளத்தில் சறுக்கி விழுந்து ஏற முடியாமல் மாண்ட மாமத் யானைகளின் எலும்புகளைத் தோண்டிய இடத்திலேயே, கூரை வேய்ந்த கட்டடத்துக்குள் பார்க்கலாம். வெயிலும் மழையும் தொடாத இடம் என்பதால் உங்கள் மாமியாருக்கும் ஏற்றது. ஹில் சிட்டிக்கும் கீஸ்டோனுக்கும் இடையே ஓடும் நீராவி ரயில் அவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். கஸ்டர் மாநிலப் பூங்காவின் வனவிலங்குச் சாலையில் காட்டெருமைகள் கூட்டமாகச் சாலையை மறித்து நிற்கும். வேனுக்குள் இருப்பவர்களுக்கு அது வேடிக்கை, பைக்கில் இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. காட்டெருமை சாலையைக் கடக்கிற வரை எவ்வளவு நேரமானாலும் தள்ளியே நிற்கும்படி ஆண்களிடம் சொல்லிவையுங்கள்.

சாப்பாடு: உங்கள் மாமியார் சைவம் என்றால் வெளியே கிடைப்பது மிகக் குறைவு. ராபிட் சிட்டியில் இந்திய, நேபாளச் சாப்பாடு கிடைக்கிறது. மலைக்குள் நுழைந்துவிட்டால் உருளைக்கிழங்கு வறுவலும் ரொட்டியும்தான். மின்சாரக் குக்கர், புளிக்காய்ச்சல், ஊறுகாய், ஒரு மூட்டை அரிசி இவற்றோடு போனால் எதற்கும் அஞ்ச வேண்டியதில்லை.

சத்தத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஊருக்குள் நூற்றுக்கணக்கான பைக்குகள் ஒரே நேரத்தில் உறுமும்போது சிறுமியின் காதுக்கு நிச்சயமாகக் கேடு. இருபுறமும் காதை மூடும் பெரிய காதடைப்பான் ஒன்றை மகளுக்கு வாங்கிவிடுங்கள். பெரியவர்களுக்குக் காதுக்குள் செருகும் நுரைப்பஞ்சு அடைப்பான் போதும்.

பழைய புல்லட் எழுதியது:

மேலே இருவரும் எழுதியவற்றில் பயணத்தின் மிக ஆபத்தான பகுதி விடுபட்டிருக்கிறது. மினியாப்பொலிஸிலிருந்து ஸ்டர்ஜிஸ் சுமார் அறுநூறு மைல். அதில் பெரும்பகுதி 90-ஆம் எண் நெடுஞ்சாலையில், மரமே இல்லாத சமவெளியில், பக்கவாட்டுக் காற்றை வாங்கிக்கொண்டு போக வேண்டும். தெற்கு டகோட்டாவில் வேக வரம்பு மணிக்கு 80 மைல். உங்கள் தம்பியும் நண்பர்களும் அவ்வளவு தூரத்தை ஒரே மூச்சில் ஓட்டிப் பழகியவர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பழகாதவர்கள் என்றால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மிட்செல்லிலோ, மிசௌரி ஆற்றங்கரையிலுள்ள சேம்பர்லினிலோ இரவு தங்கலாம். மறுநாள் பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவைக் காலைக் குளிர்ச்சியிலேயே பார்த்துவிட முடியும்; மதியத்தில் அந்த மண்மேடுகளிடையே நிற்பது மாமியாருக்கு ஆகாது. பைக்குகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருபவர்களும் ஏராளம். அதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. முதுகுவலியோடு மூன்று நாள் படுத்திருப்பவர்களைப் பார்த்த எனக்கு அக்கேலியில் உடன்பாடில்லை.

மலைப்பகுதியில் ஆகஸ்டு மாத மாலைகளில் திடீரென்று இடியும் ஆலங்கட்டி மழையும் வரும். நால்வரும் மழை உடையை வேனில் வைக்காமல் தத்தம் பைக்கிலேயே வைத்திருக்க வேண்டும். அந்தி வேளையில் மான்கள் சாலைக்கு வரும் என்பதால், இருட்டுவதற்குள் வீடு திரும்புவதென்று விதி வைத்துக்கொள்ளுங்கள். அவ்வாரத்தில் ஆண்டுதோறும் விபத்துகளில் உயிரிழப்பு நேர்கிறது. மதியம் ஒரு பியர் அருந்தினாலும் அன்று பைக் வேலை முடிந்தது என்று நால்வரும் ஒப்புக்கொண்ட பிறகே கிளம்புவது நல்லது. காவல்துறையும் அந்த வாரத்தில் சற்றும் தளர்வு காட்டாது.

தெற்கு டகோட்டாவில் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத்தான் சட்டப்படி ஹெல்மெட் கட்டாயம். ஆகவே மகன் ஹெல்மெட் அணிந்தே தீர வேண்டும். கணவர் அணியாமல் ஓட்டினால் சட்டம் கேட்காது, நீங்கள் கேளுங்கள். கண்ணைக் காக்கும் கண்ணாடி வயது வேறுபாடின்றி எல்லோருக்கும் வேண்டும்.

வடதிசைவாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ராபிட் சிட்டியில் வீடு எடுப்பதென்றும், புதன்கிழமை போய்ச் சேர்வதென்றும், வழியில் சேம்பர்லினில் ஓர் இரவு தங்குவதென்றும் நேற்றிரவு பேசி முடித்தோம். நண்பர்களில் ஒருவர் மட்டும் இசை நிகழ்ச்சிகளுக்காக முகாம் திடலில்தான் தங்குவேன் என்கிறார். அவரை அவர் விருப்பப்படி விட்டுவிட்டோம். மகனைப் பின்னால் ஏற்றுவது பற்றி மட்டும் இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. எந்தச் சாலையில், எந்த நேரத்தில் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

நெடுஞ்சாலைக்காரன் எழுதியது:

மலைச்சாரல் தங்கை சொன்ன குறையை ஏற்றுக்கொள்கிறேன். மகனைப் பொறுத்தவரை, உட்கார்ந்தால் இரு பாதங்களும் கால்மிதியில் முழுமையாகப் பதிய வேண்டும்; அளவான ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் காலணி, தடித்த முழுக்கால் சட்டை எல்லாம் உங்கள் ஊரிலேயே வாங்கி, அங்கேயே சில வார இறுதிகளில் பழகியிருக்க வேண்டும். வளைவில் அப்பா சாயும் பக்கமே தானும் சாய வேண்டும், எதிர்ப்பக்கம் இழுக்கக் கூடாது என்பது பழகினால்தான் வரும். அப்படிப் பழகியிருந்தால் வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஸ்பியர்ஃபிஷ் பள்ளத்தாக்குச் சாலைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். அந்நேரத்தில் கூட்டம் பாதி உறக்கத்தில் இருக்கும். அயர்ன் மவுண்டனும் நீடில்ஸும் வேண்டாம். இரண்டு பேர் எடையோடு கொண்டையூசி வளைவில் முதல் கியரில் திரும்புவது அனுபவசாலிக்கே கடினம்.

பந்தய ஆர்வம் உள்ள பையன் என்றால், ஜாக்பைன் ஜிப்சீஸ் சங்கத்தார் ஸ்டர்ஜிஸிலேயே தங்கள் திடலில் நடத்தும் மலையேற்றப் போட்டியைக் காட்டுங்கள். செங்குத்தான மண்மேட்டில் ஒவ்வொருவராகப் பாய்ந்து ஏறுவார்கள். பாதிப் பேர் நடுவழியில் உருண்டு விழுவார்கள். போட்டி நாள்களை அவர்கள் ஒவ்வோர் ஆண்டும் முன்கூட்டி அறிவிப்பதால், வீட்டை எந்த நாளிலிருந்து எடுப்பது என்று உறுதி செய்வதற்கு முன் அந்த அட்டவணையை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். வாரத்தின் முற்பகுதியில் இருந்தால் நீங்கள் புதன்கிழமைக்குப் பதிலாகத் திங்களன்றே போய்ச் சேர வேண்டியிருக்கும்.