தைராய்டு அறுவைக்குப் பின் குரல் கம்மியது: குரல்வளை நரம்பு ஏன் நெஞ்சுக்குள் போய்த் திரும்புகிறது?

வகுப்பறைக்குரல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை, வயது 44. ஏழு வாரங்களுக்கு முன் தைராய்டு கட்டிக்காகக் கழுத்தில் அறுவை செய்துகொண்டேன். தையல் ஆறிவிட்டது, கட்டி புற்று அல்ல என்றும் முடிவு வந்துவிட்டது. ஆனால் மயக்கம் தெளிந்த அன்றிலிருந்து என் குரலில் பாதி காற்றாகவே வருகிறது. ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறது. சோறும் இட்லியும் சிக்கலின்றி இறங்குகின்றன, வெறும் தண்ணீர்தான் புரையேறுகிறது. இருமினால் இருமலில் வலுவில்லை. குடத்தைத் தூக்க மூச்சை அடக்கினால், அடங்காமல் கசிந்துவிடுகிறது.

சென்ற வாரம் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் திரையில் காட்டினார்கள். ஓட்டுக் கூரைபோல் சாய்ந்து சந்திக்கும் இரண்டு வெண்பட்டைகள் தெரிந்தன. "ஈ" என்று சொல்லச் சொன்னபோது வலப்பக்கப் பட்டை நடுவுக்கு விரைந்து வந்தது. இடப்பக்கப் பட்டை இருந்த இடத்திலேயே நின்றது. இரண்டுக்கும் நடுவே நெல்மணியின் வடிவில் ஒரு கறுத்த இடைவெளி. "இடது நரம்பு சோர்ந்திருக்கிறது, அது நெஞ்சுக்குள் போய்த் திரும்பும் நரம்பு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார்கள்.

ஒரு சிறு இடைவெளி இத்தனை தொல்லைகளை எப்படித் தருகிறது? தொண்டையில் இருக்கும் உறுப்புக்கான நரம்பு நெஞ்சுக்குள் ஏன் போக வேண்டும்? தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

காது மூக்கு தொண்டை மருத்துவர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தங்களை நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்வது முறையன்று. ஆனால் தாங்கள் எழுதிய தொல்லைகள் அனைத்தும் அந்த நெல்மணி இடைவெளி ஒன்றிலிருந்தே வருகின்றன என்பதை விளக்க முடியும்.

குரல்வளை என்றவுடன் பேசும் கருவி என்றே நினைக்கிறோம். அதன் முதல் வேலை காவல். தொண்டையில் மூச்சுக்குழாய் முன்னாலும் உணவுக்குழாய் பின்னாலும் இருப்பதால், நாம் விழுங்கும் ஒவ்வொரு வாயும் மூச்சுக்குழாயின் வாசலைக் கடந்துதான் வயிற்றுக்குப் போக வேண்டியிருக்கிறது. கழுத்தின் முன்மேட்டில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள்: அந்த மேடு விரலுக்கடியில் சட்டென்று மேலேறி இறங்கும். அந்த ஒரு நொடிக்குள் நாவடி எலும்பு குரல்வளையை மேலே இழுக்கிறது, இலைபோன்ற குரல்வளைமூடி பின்னால் மடிகிறது, தாங்கள் திரையில் கண்ட வெண்பட்டைகளான குரல்நாண்கள் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன, மூச்சு நிற்கிறது. சோற்றுக் கவளம் மெல்ல நகர்வதால் காவலுக்கு நேரம் கிடைக்கிறது. தண்ணீரோ கதவு சாத்துவதற்கு முன்பே ஓடிவந்துவிடும். கதவில் இடுக்கும் இருந்தால் புரையேறாமல் என்ன செய்யும்?

இருமலும் அப்படியே. முதலில் நாண்கள் இறுக மூட வேண்டும், உள்ளே அழுத்தம் சேர வேண்டும், பிறகுதான் கதவு வெடித்துத் திறக்கும். குடம் தூக்கும்போதும் முக்கும்போதும் நெஞ்சுக்கூட்டைக் காற்றடைத்த பெட்டிபோல் விறைப்பாக்குவது இதே மூடல்தான். குரல் இதற்கெல்லாம் பின்னால் வருகிறது: மூடிய நாண்களைக் கீழிருந்து வரும் காற்று பிரிக்க, அவை மீண்டும் ஒட்ட, பெண்களின் சாதாரணப் பேச்சில் இது நொடிக்குச் சுமார் 200 முறை நடக்கிறது. இடைவெளி வழியே காற்று ஒலியாகாமலே வெளியேறுவதால்தான் தங்களுக்கு வாக்கியம் முடியும் முன் மூச்சு தீர்கிறது. ஒரே மூச்சில் "ஆ" என்று நீட்டி, எத்தனை வினாடி நிற்கிறது என்று வாரம் ஒரு முறை குறித்து வையுங்கள். 10 வினாடிக்குக் கீழே இருந்தால் மூடல் போதவில்லை என்று கொள்வோம். அந்த எண் ஏறுவது நல்ல அறிகுறி.

உடற்கூற்றியல் விரிவுரையாளர்

நரம்பைப் பற்றிய கேள்விக்கு நான் எழுதுகிறேன். ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நான் மிகுந்த விருப்பத்தோடு காட்டும் இடம் அது.

மூளைத்தண்டிலிருந்து புறப்படும் பத்தாவது நரம்பான வேகஸ், கழுத்தில் குரல்வளையின் பக்கமாகவே கீழிறங்குகிறது. ஆயினும் குரல்வளைத் தசைகளுக்கான கிளையை அங்கே பிரித்துக் கொடுப்பதில்லை. இடப்பக்கத்தில் நெஞ்சுக்குள் இறங்கிய பிறகு பிரியும் அந்தக் கிளை, இதயத்திலிருந்து எழும் பெருந்தமனியின் வளைவுக்கு அடியில் வளைந்து, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள பள்ளத்தின் வழியே மேலேறி, தைராய்டின் பின்புறத்தை உரசிக்கொண்டு குரல்வளைக்குள் நுழைகிறது. வலப்பக்கக் கிளை அவ்வளவு ஆழம் போவதில்லை. கழுத்தின் அடியில், கைக்குப் போகும் தமனியைச் சுற்றித் திரும்பிவிடுகிறது.

காரணம் கருவில் இருக்கிறது. தொடக்க வாரங்களில் கருவுக்குக் கழுத்து என்று ஒன்றில்லை; தலைக்கு அடியிலேயே இதயம் துடிக்கிறது, இதயத்திலிருந்து வளைவளைவாகத் தமனிகள் எழுகின்றன. அப்போது இந்த நரம்பு கடைசித் தமனி வளைவுக்குக் கீழே நேராகத்தான் போகிறது. பிறகு கழுத்து நீள, இதயம் நெஞ்சுக்குள் இறங்க, தமனியில் மாட்டிக்கொண்ட நரம்பும் கூடவே இழுபட்டு நீள்கிறது. வலப்பக்கத்தில் கீழ் வளைவுகள் மறைந்துவிடுவதால் நரம்பு மேலே நழுவி அடுத்த தமனியில் நிற்கிறது. ஒட்டகச்சிவிங்கியிலும் இதே பாதைதான். அதன் நரம்பு சில அங்குலத் தொலைவிலுள்ள குரல்வளையை அடையப் பல மீட்டர் சுற்றுகிறது.

அறுவையின்போது இந்த நரம்பைத் தைராய்டின் பின்னால் தேடிப் பார்த்தால் சேமியா இழை ஒன்றின் தடிமன்தான் இருக்கும். வெட்டுப்படாமல், சுரப்பியை ஒதுக்கும்போது சற்று இழுபட்டாலே அது வேலைநிறுத்தம் செய்துவிடும். இரண்டாம் நூற்றாண்டிலேயே ரோமாபுரியில் மருத்துவர் கேலன், கத்திக்கொண்டிருந்த பன்றியின் கழுத்தில் இந்த நரம்புகளைக் கட்டி அதன் குரலை அடக்கிக் காட்டினார்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பாதை நெஞ்சுக்குள் போவதால் நோயும் நெஞ்சுக்குள் இருக்கலாம். இதய வால்வு சுருங்கி இடது மேலறை பெருத்தவர்களுக்குக் குரல் கம்முவதை வியன்னாவின் ஆர்ட்னர் 1897-இல் விவரித்தார். நுரையீரல் புற்றின் முதல் அறிகுறியாகவும் கம்மல் வருவதுண்டு. எனவே சளி, காய்ச்சல் இல்லாமல் மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மினால் பனங்கற்கண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

குரலிசைப் பயிற்றுநர்

தாங்கள் திரையில் கண்ட காட்சியை உயிருள்ள மனிதரிடம் முறையாக முதலில் கண்டு எழுதியவர் பாட்டு ஆசிரியரான மானுவல் கார்சியா. 1854-இல் பல்மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, கைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, தம் நாண்களைத் தாமே பார்த்தார்.

ஒரு கேள்வி: மேல் சுரங்களுக்கு ஏற முடிகிறதா? நாண்களை நீட்டி இழுத்துச் சுருதியை உயர்த்தும் தசைக்கு வேறொரு நரம்பு போகிறது. அதுவும் தைராய்டின் மேல்முனையை ஒட்டியே செல்கிறது.

வகுப்பறைக்குரல்

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. காற்றுக் குரலாக இருந்தாலும் "ச"விலிருந்து "ப" வரை ஏற முடிகிறது. "ஆ" 6 வினாடி நிற்கிறது. இந்த நரம்பு தேறுமா? அதுவரை தண்ணீரை எப்படிக் குடிப்பது? ஜூனில் வகுப்புக்குத் திரும்ப வேண்டும்.

பேச்சுப் பயிற்சியாளர்

சுருதி ஏறுகிறது என்பது நல்ல செய்தி. அந்த மற்றொரு நரம்பு பெரும்பாலும் தப்பியிருக்கிறது. நரம்பு அறுபடாமல் இழுபட்டதாக இருந்தால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தேறுவதே வழக்கம். ஆகவே நிலையான முடிவுக்குப் பொதுவாக ஓராண்டு வரை காத்திருப்பார்கள். அதுவரை பொறுக்க முடியாத அளவுக்குப் புரையேறினால், அசையாத நாணுக்குள் ஊசி மூலம் ஒரு கூழ்மத்தைச் செலுத்தி அதை நடுவுக்குத் தள்ளலாம்; சில மாதங்களில் அது கரைந்துவிடும். ஓராண்டுக்குப் பின்னும் அசையாவிட்டால், கழுத்தின் முன்மேடாகத் தெரியும் கேடயக் குருத்தெலும்பில் சிறு சாளரம் வெட்டி நாணை உள்ளே அழுத்தி நிறுத்தும் அறுவை இருக்கிறது. ஜப்பானிய மருத்துவர் இஷிகி 1974-இல் வகுத்த முறை அது.

தண்ணீரை அண்ணாந்து குடிக்காதீர்கள். நம் வீடுகளில் எச்சில் படாமல் தூக்கிக் குடிக்கும் பழக்கம் தங்களுக்கு இப்போது ஆகாது. டம்ளரை வாயில் வைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, தலையைச் சோர்ந்த பக்கமான இடப்புறம் திருப்பி, சிறு மடக்காக விழுங்குங்கள். முதல் முறை மட்டும் பயிற்சியாளர் ஒருவர் முன்னிலையில் செய்து பாருங்கள். காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ கண்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வகுப்பில் இடுப்பில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்குங்கள். குரலை மிச்சப்படுத்துவதாக எண்ணிக் கிசுகிசுக்க வேண்டாம். அழுத்திக் கிசுகிசுக்கும்போது நல்ல பக்கத்து நாணும் நாண்களுக்கு மேலுள்ள தசைகளும் வீணாக இறுகும், அந்தப் பழக்கத்தை மாற்றத் தனியாகப் பயிற்சி கொடுக்க வேண்டிவரும்.